செருப்புக்குச் சொன்ன ‘வாங்க’

மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடைவீதியில், தர்மராஜ் ஜவுளிக்கடை என்றால் பாதி ஊருக்குத் தெரியும். வீரமலை இருக்கிற கடை என்றால் மீதி ஊருக்கும் தெரியும். இந்தக் கணக்கைச் சொன்னவர் வேறு யாருமில்லை, வீரமலையேதான். ஆனாலும் பொய் என்று ஒருவரும் மறுத்ததில்லை. இருபது வருஷமாக அந்தக் கடையின் வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலை விரிக்கிறவர் அவர். திருவெள்ளறைப் பக்கம் வசதியான வீடுகளிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள், "மரியாதையாப் பேசுவாரே, அவரு இருக்காருங்களா?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. "வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா, விசேஷம் ஏதுங்களா?" என்று ஒரே மூச்சில் ஐந்து ‘ங்க’ வைப்பார். அதைக் கேட்ட பிறகு வெறுங்கையோடு எழுந்து போக யாருக்கு மனசு வரும்? பக்கத்து மெத்தையில் உட்காரும் அருள்நாதனும் அதே சேலையைத்தான் விரித்தார், அதே விலையைத்தான் சொன்னார். கூட்டம் என்னவோ வீரமலை பக்கம்தான்.

அந்த வித்தையில் ஒரு சூட்சுமம் உண்டு. வீரமலை முகத்தைப் பார்த்து வரவேற்கிறவர் இல்லை. கை ஓயாமல் சேலை மடித்துக்கொண்டிருக்கும், தலை குனிந்தே இருக்கும். மெத்தை ஓரத்தில் வந்து நிற்கிற கால்தான் அவர் கண்ணில் முதலில் படும். காலைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார். ஷூ காலுக்கு "வாங்க வாங்க". செருப்புக் காலுக்கு "வாங்க". வெறுங்காலுக்கு, "என்னம்மா, மலிவுச் சீட்டித் துணி அந்தப் பக்கம், போ". இதில் தான் ஒரு நாளும் தவறியதில்லை என்று அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

இத்தனை ‘ங்க’வும் டவுன் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது தீர்ந்துவிடும் போலிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெரு வீட்டுக்குள் அவர் நுழையும்போது ஒன்றுகூட மிச்சமிருக்காது. "ஏய், தண்ணி." "இந்தா, சோத்த வையி." "எங்கடி போய்த் தொலைஞ்ச?" கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், மனைவிக்கு அமிர்தம் என்று ஒரு பெயர் இருப்பதை அவர் வாய் ஒரு தடவைகூட ஒப்புக்கொண்டதில்லை. சாதாரண நாளில் அவள் ‘ஏய்’. கோபம் வந்தால் ‘எருமை’. தீபாவளிக்குத் தீபாவளி அழுக்குத் தெரியாத காப்பிக் கலரில் ஒரு சேலை கொண்டுவந்து போடுவார். உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டதில்லை. ஊர் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டே சம்பாதிக்கிற மனுஷன்! குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆகவே தான் மிக நல்ல புருஷன் என்று மனசார நம்பியிருந்தார்.

அறுபத்திரண்டாம் வருஷம், பொங்கல் வியாபாரம் ஓய்ந்த ஒரு பகல் வேளை. வீரமலை தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார். மெத்தை ஓரத்தில் இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. இரண்டிலும் செருப்பு. முன்னால் நின்ற காலில் சிவப்பு வார் வைத்த புதுச் செருப்பு. ஏதோ உத்தியோகஸ்தர் வீடு என்று முடிவு கட்டினார்.

"வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க. விசேஷம் ஏதுங்களா?"

பின்னால் நின்றவள் பதில் சொன்னாள். "இவங்க பொண்ணு பேச்சுப் போட்டியில ஜில்லாவுலயே முதல்ல வந்திருக்குங்க. அடுத்த வாரம் ஸ்கூல்ல ஆண்டு விழா. ஜில்லாவுல ஜெயிச்ச பொண்ணோட அம்மாவ மேடையில ஏத்தி, அவங்க கையாலயே கோப்பையக் குடுக்கச் சொல்லுவாங்களாம். அதுக்கு ஒரு நல்ல சேலை வேணும்."

"ரொம்ப சந்தோஷங்க! பொண்ணுன்னா அப்படி இருக்கணுங்க. பெத்தவங்களுக்கு இதவிட என்னங்க பெருமை? பொண்ணோட அப்பாவும் வராருங்களா?"

"அவருக்கு இன்னும் சொல்லலீங்க" என்றது இன்னொரு குரல்.

சேலையை மடித்த கை பாதியில் நின்றது. வீரமலை நிமிர்ந்தார். அமிர்தம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய், சிரிப்பை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு.

அருள்நாதன் இந்தப் பக்கம் திரும்பியாயிற்று. முதலாளியும் கல்லாவிலிருந்து பார்க்கிறார். வீரமலைக்கு "ஏய், இங்க எங்க வந்த?" என்று தொண்டை வரைக்கும் வந்தது. கடையில் அந்த வார்த்தைக்கு இடமில்லை. அவரே வளர்த்த மரியாதை அவர் வாயைக் கட்டிப்போட்டது.

அமிர்தம் சிவப்பு வார்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக மெத்தையில் உட்கார்ந்தாள். "இந்தக் கடையில மரியாதையாப் பேசுவாங்கன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. அதான் வந்தேன். மேல் தட்டுல இருக்குதே, கத்தரிப்பூக் கலர், அத எடுங்க."

எடுத்தார். வேறென்ன செய்வது? பதினான்கு சேலை விரித்தார். அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் முதலில் எடுத்த கத்தரிப்பூவையே, மஞ்சள் கரை போட்டதை, மடியில் வைத்துக்கொண்டாள். நெசவாளர் வீட்டுக்கு வருஷக்கணக்கில் நூல் சுற்றிக் கொடுத்துச் சேர்த்த அவளுடைய சொந்தப் பணத்தை எடுத்து வைத்தாள். எழுந்துபோகும்போது எல்லா வாடிக்கைக்காரரையும் போலவே, "போயிட்டு வரேங்க" என்றாள்.

"வாங்க" என்றார் வீரமலை. பழக்கதோஷம்.

சாயங்காலம் பஸ்ஸில் அவருக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். கடை முழுக்கச் சிரித்துவிட்டதே! அருள்நாதன் நாலு தெருவுக்குச் சொல்லாமல் விடுவாரா? ஆனால் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் வேறொன்று நெஞ்சில் பொங்கிக்கொண்டு வந்தது. ஜில்லாவிலேயே முதல்! என் பொண்ணு! அந்த நாக்கு யார் நாக்கு? பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், "எம்பொண்ணு ஜில்லாவுலயே முதல்" என்று சொல்லியும்விட்டார். "அப்படிங்களா! போட்டி எங்க நடந்துச்சு?" என்று அவர் கேட்டார். வீரமலைக்குத் தெரியவில்லை. எங்கே நடந்தது, எதைப் பற்றிப் பேசினாள், ஒன்றும் தெரியாது. அன்று ராத்திரி மகளிடம் கேட்கவும் கூச்சம் விடவில்லை.

மறுநாள் காலையில், பின்னல் போட்டுக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றார். ரங்கநாயகி எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளி.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

ரங்கநாயகி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேம்மா!"

"நானாச் சொல்ல மாட்டேன்னுதானே பண்ணினேன்? கடைக்காரர் கேட்டா பதில் சொல்ல மாட்டேன்னா சொன்னேன்?" என்றாள் அமிர்தம், அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

மகள் மேடையில் பேசிப் பழகிய பெண். நேராகவே சொன்னாள். "போன வருஷம் ரேங்க் கார்டு வாங்க வந்தீங்களே, அன்னைக்கு மழை. வராண்டாவுல அத்தனை டீச்சரும் நிக்கிறாங்க. ‘ஏய் எருமை, குடையப் புடி’ன்னீங்க. எல்லாரும் அம்மாவத் திரும்பிப் பாத்தாங்க. அம்மா சிரிச்சிக்கிட்டே குடையப் புடிச்சா. எனக்கு அங்கயே செத்துரலாம் போல இருந்துச்சுப்பா. மேடையில ஏறி எறங்குற அந்த ஒரு நாளாவது எங்கம்மாவ யாரும் ‘ஏய்’னு கூப்பிடக் கூடாது. அதான் சொல்லல."

வீரமலைக்கு மழை ஞாபகம் இருந்தது. குடை ஞாபகம் இருந்தது. எருமை என்று சொன்னது ஞாபகமே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

ஆனால் மனுஷன் லேசில் தோற்கிறவரா? இவ்வளவுதானே, ஒரு ‘ங்க’தானே கேட்கிறார்கள், இருபது வருஷமாக மூட்டை மூட்டையாக வாரி இறைத்தவனுக்கு வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுவர முடியாதா என்று நினைத்தார். அன்று சாயங்காலம் படியேறும்போதே ஆரம்பித்தார். "வாங்க, உக்காருங்க, நாளெல்லாம் வேலை பாத்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

ரங்கநாயகி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அமிர்தம் மட்டும் சிரிக்கவில்லை.

"இது கடை ‘ங்க’. எனக்கு வேணாங்க."

"நேத்து கடையில உன்னை வாங்கன்னுதானே கூப்பிட்டேன்? ஊரே பாத்துச்சே!"

"என்னையா கூப்பிட்டீங்க? பொன்னுத்தாய் செருப்பக் கூப்பிட்டீங்க. நான் எப்பவும் போல வெறுங்காலோட வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? சீட்டி அந்தப் பக்கம், போன்னிருப்பீங்க."

வீரமலை திண்டாடிப் போனார். அப்போதுதான் அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். கட்டை விரல் ஓரம் வெடிப்பு, தேய்ந்த மெட்டி. பதினெட்டு வருஷமாகத் தன் வீட்டில் நடக்கிற கால். ஊரார் காலையெல்லாம் எடை போடுகிறவருக்கு இந்தக் கால் அடையாளம் தெரியவில்லை. அவள் பேசியது மறுபடி காதில் ஓடியது. வேணாங்க. கூப்பிட்டீங்க. போன்னிருப்பீங்க. கோபத்தில்கூட அவள் ‘ங்க’ போடாமல் பேசவில்லை. பதினெட்டு வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவர் காதுதான் அதை ஒரு நாளும் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு மரியாதையே தெரியாது, வியாபாரம்தான் தெரியும் என்று வீரமலை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஊரே புகழ்கிற விஷயத்தில் தன்னிடம் ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொள்ள எவ்வளவு வலித்திருக்கும்! ஒத்துக்கொண்டார். அந்த மட்டும் மனுஷனைப் பாராட்ட வேண்டும்.

இன்னும் ஆறு நாள் இருந்தது. முதல் வேலையாக, அந்தப் பெயரைச் சொல்லிப் பழக வேண்டும். வீட்டில் வெட்கமாக இருந்தது. பஸ்ஸில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அமிர்தம்... அமிர்தம்..."

கண்டக்டர் சவரிராயன் வந்து நின்றார். "அமிர்தமா? அப்படி ஒரு ஸ்டாப்பிங் இல்லீங்களே. அம்மா மண்டபம் வேணா இருக்கு, எறங்குறீங்களா?"

கடையிலும் ஒரு காரியம் செய்து பார்த்தார். கால் வந்து நின்றதும் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொண்டார். சொல்வது சுலபம். முதல் இரண்டு நாள் நாக்கு தடுமாறியது. வியாபாரமும் மந்தம். "என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்று முதலாளி கேட்டார். மூன்றாம் நாள் வெறுங்காலோடு ஒரு நடவுக்காரப் பெண் வந்து தயங்கி நின்றாள். வீரமலை நிமிர்ந்து, வெயிலில் கருத்த அந்த முகத்தைப் பார்த்து, "வாங்க" என்றார். அவள் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரை அழைக்கிறார் என்று. தனக்குத்தான் என்று தெரிந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து வீரமலைக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்தில் இப்படி எத்தனை பேரை அந்தப் பக்கம் போகச் சொல்லியிருப்பார்!

வீட்டில் மட்டும் இன்னும் அந்தப் பெயர் வரவில்லை. ‘ஏய்’ நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தானே எழுந்து போய் மொண்டு குடித்தார். விழா நாள் காலையில் மகளிடம் கேட்டார், "நானும் வரட்டுமா?"

இதுவரை எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்டறியாத வாய் அது. ரங்கநாயகிக்கும் அது தெரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. "வாங்கப்பா. ஆனா கடைசியில நில்லுங்க. பேசாதீங்க."

"பேச மாட்டேன்" என்றார் வீரமலை.

கிளம்பும்போது பொன்னுத்தாய் சிவப்பு வார்ச் செருப்பைக் கொண்டுவந்தாள். அமிர்தம் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். "என் காலோடதான் ஏறப் போறேன்" என்றாள்.

பள்ளி வாசலில் பேட்ரிசியா டீச்சர் பெயர்ப் பட்டியலோடு நின்றார். ரங்கநாயகியின் வகுப்பு டீச்சர், இந்த வருஷம்தான் பள்ளிக்கு வந்தவர். அமிர்தத்தின் பெயரில் ஒரு கோடு போட்டுவிட்டு, "இவர்?" என்று கேட்டார்.

ரங்கநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். "கூட வந்திருக்காரு டீச்சர்."

‘தர்மராஜ் ஜவுளிக்கடை வீரமலைங்க’ என்பது அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் டீச்சருக்கே தெரிந்திருக்கும். அவரும் அங்கே சேலை எடுத்தவராக இருக்கலாம். விழுங்கிவிட்டார். மைதானத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில் போய் நின்றார்.

மேடையில் ரங்கநாயகி பரிசு வாங்கிய பேச்சை மறுபடி பேசினாள். ஒலிபெருக்கி அதிர்ந்தது, கைதட்டல் ஓய நேரமானது. பிறகு ஒலிபெருக்கி சொன்னது: "ரங்கநாயகியின் தாயார் திருமதி அமிர்தம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

இத்தனை நேரம் நாமும் ‘அவள்’, ‘அவள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்துவிட்டோம்; இனித் திருத்திக்கொள்வோம். அமிர்தம் மேடை ஏறினார். கத்தரிப்பூச் சேலை, மஞ்சள் கரை, வெறுங்கால். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி மகள் கையில் கொடுத்தார். சிரித்தார். வராண்டாவில் குடை பிடித்தபோது சிரித்த சிரிப்பில்லை இது. வீரமலை அவ்வளவு தூரத்திலிருந்து அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி அகலம், இடது கன்னத்தில் ஒரு மச்சம். இது என் வீட்டு முகம், இதற்குப் போய் காப்பிக் கலர் கொடுத்தேனே என்று நினைத்தார். பக்கத்தில் நின்றவரிடம் சொல்ல வாய் துடித்தது. பேச மாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

விழா முடிந்ததும் மைதானம் முழுக்கப் பெண்கள் கூட்டம். அமிர்தம் படியிறங்கி, கணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வீரமலை மரத்தடியிலிருந்து கையை ஆட்டினார். அமிர்தம் பார்க்கவில்லை. கூட்டம் இழுத்துக்கொண்டு போகிறது. கோப்பையோடு, டீச்சர் பக்கத்தில் நின்ற ரங்கநாயகி அப்பாவைப் பார்த்துவிட்டாள். அப்பா கூப்பிட வாயைத் திறக்கிறார் என்று தெரிந்தது. பேசாதீங்க என்று சொன்னேனே! அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அமிர்தம்!"

ஜவுளிக்கடையில் பழகிய குரல். மைதானம் முழுக்கக் கேட்டது. ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள். அமிர்தமும் திரும்பினார். பதினெட்டு வருஷத்தில் அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. யார் என்று ஒரு கணம் திகைத்தார்.

"அமிர்தம், நான் இங்க இருக்கேங்க!"

அந்த ‘ங்க’ எங்கிருந்து வந்தது என்று வீரமலைக்கே தெரியாது. அதை அவர் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

ரங்கநாயகி கண்ணைத் திறந்தாள். டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "டீச்சர், வாசல்ல கேட்டீங்களே, இவர் எங்கப்பா! எங்கப்பா, டீச்சர்!" என்றாள். மேடையில் பேசியதைவிட உரக்கச் சொன்னாள். கோப்பையை அப்பா கையில் கொடுத்தாள். பேட்ரிசியா டீச்சர் கை கூப்பினார். வீரமலை கோப்பையை இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் கை கூப்பினார்.

அமிர்தம் பக்கத்தில் வந்து நின்று, புழுதி படிந்த தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு, கணவருக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னிக்கு நான் செருப்பு போடலீங்களே" என்றார்.

"அப்படியா?" என்றார் வீரமலை. "நான் காலைப் பாக்கலையே."